ஹோலுக்குள் ஏழு வட்டங்கள்

போன கிழமை கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் அனுப்பிய ஒரு வீட்டுப் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். எல்லாம் வெகு ஒழுங்காக இருக்கிறதாம். கொழும்புக்காரர் கல்முனைக்காரியைப் பாராட்டுவது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் கேட்டேன். கடைசியில் ஒரு சந்தேகம் வைத்திருந்தார்.

“மிஸ், உங்கட ஃபைல்ல ‘சஹன்’ எண்டு ஒரு லேயர் கிடக்கு. அதில ஒண்டுமே கீறியில்ல. தேவையில்லாட்டி அழிச்சிடவா?”

படம் கீறும் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு சொல். கணினியில் வீட்டுப் படம் கீறுவது, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. சுவருக்கு ஒரு தாள், கதவு ஜன்னலுக்கு ஒரு தாள், தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. அந்தத் தாளுக்குத்தான் லேயர் என்று பெயர். எங்கள் தாள்களில் ஒன்றின் பெயர் சஹன். சஹன் என்றால் என்னவென்று எங்கள் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுத்தான். ஆட்கள் உடம்பானவர்கள் என்றால் ஐந்து பேர்.

கொழும்புக்காரருக்கு உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரம் புதுச் சாரன் வாசம் அடித்தது.

என் முதல் வேலை கல்முனைப் பிரதான வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். கீழே இடுப்பில் உடுக்கும் புதுச் சாரன்களின் கஞ்சி வாசம் ஏணிப்படி வழியாக ஏறி வரும். மேலே பெரிய தாளில் படம் அச்சிடும் இயந்திரத்தின் சூடான மை வாசம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் என் கதிரை. இன்றைக்கும் பெருநாளைக்குச் சாரன் வாங்கப் போனால் மனம் ‘ஒன்றுக்கு நூறு’ என்று அளவுத்திட்டம் பார்க்கத் தொடங்கிவிடும்.

அந்த அலுவலகத்தில் எங்கள் இஞ்சினியர் சேர் தவிர இரண்டு பேர் படம் கீறினார்கள். ஒருவர் சாய்ந்தமருது ஜௌபர் காக்கா; எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. மற்றவர் பாண்டிருப்புத் தவம் அண்ணன். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டைக் கீறினால் அது இரண்டு வீடாக இருக்கும்.

ஜௌபர் காக்கா தாளின் மேல்பக்கம் எப்போதும் கடலை வைப்பார். வடக்கு என்பது அவருக்கு ஒரு வதந்தி. “நம்மட ஊருல நாலு திசைதான் புள்ள. கடல், வயல், கல்முனை, அக்கரைப்பத்து” என்பார். தவம் அண்ணன் தாளின் கீழ்ப்பக்கம் எப்போதும் ரோட்டை வைப்பார். அதனால் அவருடைய படங்களில் கடல் சில நாள் இடப்பக்கமும் சில நாள் வலப்பக்கமும் இருக்கும். காக்கா எல்லா வீட்டுக்கும் போர்ட்டிக்கோவில் ஒரு கார் விடுவார். வீட்டுக்காரரிடம் சைக்கிள்தான் இருக்கும். தவம் அண்ணன் வளவுக்குள் ஒரு தென்னை வைக்காமல் படத்தை முடிக்கமாட்டார். ஒரு தரம் ஒரு வீட்டுக்காரர் படத்தோடு ஏறி வந்து, “தம்பி, இதுல இரிக்கிற தென்னை எங்க? என்ட வளவுல இல்லியே, யாரு வெட்டின?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

லேயர்களின் பெயர்களைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ‘1’, ‘11’, ‘புதுசு’, ‘புதுசு2’, ‘மச்சான்ட வீடு’. மச்சான்ட வீடு என்பது கூரை. முதன்முதலில் அந்தக் கூரையைக் காக்கா தன் மச்சானுக்காகக் கீறினாராம். அதன்பின் எங்கள் பகுதியில் அவர் கீறிய எல்லாக் கூரையும் மச்சான்ட வீடுதான்.

இதற்கு நடுவில் நான் போய்ச் சேர்ந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து, சான்றிதழ் உறை கசங்காமல். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதை நானே சொல்லத் தேவையில்லை. உம்மா எங்கள் ஊர் மருதமுனை முழுக்கச் சொல்லி முடித்திருந்தா. வாப்பா கரைவலைக்காரர். கையெழுத்துப் போடச் சொன்னால் முதலில் சேர்ட்டுக் கையை மடிப்பார், பிறகு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்வார்.

ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என் பெயர் முதன்முதலாக அச்சாகி வந்த தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது வரைக்கும் எங்கள் வீட்டில் அச்சில் வந்த பெயர்கள் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான். வாப்பா தாளை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்து, “எங்க மகள் உன்ட பேரு?” என்று கேட்டார். காட்டினேன். வீட்டைப் பார்க்கவே இல்லை. கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடையதோ ஒரு கோழிக்கூட்டுப் படம் என்பதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

நான் சேர்ந்த சில மாதங்களில் ஒரு திணைக்களம் எங்கள் படங்களைத் திருப்பி அனுப்பியது. ஒரே கட்டடத்தின் கீழ்மாடியைக் காக்காவும் மேல்மாடியைத் தவம் அண்ணனும் கீறியிருந்தார்கள். ‘இவை இரண்டும் ஒரே கட்டடத்துக்கு உரியவையா?’ என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி. சேர் மூன்று பேரையும் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் ஒரே மாதிரிக் கீற ஒரு ஒழுங்கு எழுதுங்க. மூணு மாசம் பாப்பம். ஒரு பிழையும் வராட்டி அதுதான் ஒஃபீஸ் சட்டம். வந்தா புத்தகத்தக் கடல்ல போட்டுட்டுப் பழைய மாதிரியே கீறுவம்.”

இருபத்தாறு பக்கம் எழுதினேன். வடக்கு எப்போதும் மேலே. சுவர்க் கோடு தடிப்பு, தளபாடக் கோடு மெல்லிசு. எழுத்தின் உயரம் இவ்வளவு. இல்லாத காரும் இல்லாத தென்னையும் தடை. கம்பிச் சுருள் போட்டுப் பிளாஸ்டிக் அட்டை வைத்து இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அலுவலகத்துக்கு. மற்றதை உம்மா கண்ணாடி அலுமாரிக்குள், விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கு முன்னால் நிறுத்தினா.

தவம் அண்ணன் புத்தகத்தை முழுக்க வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “தங்கச்சி, தென்னை உண்மையாவே வளவுல நிண்டா கீறலாமா?”

“ஓம் அண்ணன். நிண்டா கீறலாம்.”

“சரி. அப்ப நிக்கிற வளவாப் பாத்து எடுக்கிறன்.”

ஜௌபர் காக்கா வாசிக்கவில்லை. பக்கங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“சஹன் எத்தினையாம் பக்கம் புள்ள?”

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். கல்யாணச் சோறும் அந்த வீட்டு ஹோலில்தான். அதனால் வீடு கட்ட வரும் உம்மாமார் ஹோலின் நீளம் எத்தனை அடி என்று கேட்கமாட்டார்கள். “ஹோலுக்குள்ள எத்தின சஹன் விழும்?” என்றுதான் கேட்பார்கள். காக்கா உடனே ஹோலுக்குள் வட்டம் வட்டமாகப் போட்டு எண்ணிக் காட்டுவார். அவர்களும் திருப்தியாகப் போவார்கள்.

“சஹன் இல்ல காக்கா. உலகத்துல எந்த ஒழுங்குப் புத்தகத்துல சஹன் இரிக்கி?”

“அதக் கேக்கல்ல. உலகத்துல சஹன் இரிக்கா இல்லியா?”

படித்தவர்கள் பதில் இல்லாத இடத்தில் பக்க எண்ணைக் காட்டுவார்கள். நானும் பதினாலாம் பக்கத்தைக் காட்டினேன். அதில் வட்டங்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது: ‘விட்டு விட்டுக் கீறிய பெரிய வட்டம், மலசலகூடக் குழி.’

“வீட்டுப் படத்துல பெரிய வட்டம் வேற எதுக்கு காக்கா வரப்போகுது?” என்று சொன்னேன். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க எவ்வளவோ பாடுபட்டேன், முடியவில்லை.

இரண்டரை மாதம் ஒரு பிழையும் வரவில்லை. நான் நடக்கும்போதே வடக்கு மேலே இருப்பது மாதிரி நடந்தேன்.

அப்போது சாய்ந்தமருதில் சுபைதா உம்மாவின் வீட்டு வேலை போய்க்கொண்டிருந்தது. இளைய மகளுக்கு வீடு. நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம். அத்திவாரம் எழும்பியிருந்தது. அந்தப் படம் புத்தகம் வருவதற்கு முன் காக்கா கீறியது. அதைப் புதிய ஒழுங்குக்கு மாற்றி அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். காக்கா காய்ச்சல் என்று வரவில்லை. நான் அவருடைய படத்தைத் திறந்து, ‘மச்சான்ட வீடு’ எல்லாவற்றையும் கூரை ஆக்கி, ‘புதுசு2’ எல்லாவற்றையும் கதவு ஆக்கினேன். பிறகு ஒரு கட்டளை கொடுத்தேன்: படத்திலுள்ள பெரிய வட்டம் எல்லாம் பதினாலாம் பக்கத்தின்படி மாறுக. கண் இமைக்கிற நேரத்தில் மாறியது. எத்தனை வட்டம் மாறியது என்று கணினி ஓர் எண்ணும் சொன்னது. எட்டு. ஒரு வீட்டுக்கு எட்டுக் குழி எதற்கு என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

சேர் தூணையும் கம்பியையும் பார்த்துக் கையொப்பம் போட்டார். வரைந்தவர் கட்டத்தில் என் பெயர். பழைய பெயரை எடுத்துவிட்டு நான்தான் போட்டேன். புது ஒழுங்கில் வரும் முதல் கல்யாண வீடு, அதில் என் பெயர் இருக்க வேண்டுமென்று ஓர் ஆசை.

மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கலந்தர் மேசன் போனில் கோல் எடுத்தார். அந்த வீட்டைக் கட்டுகிறவர் அவர்தான்.

“புள்ள, நாலு குழி வெட்டி முடிஞ்சி. மத்த மூணையும் இண்டைக்கே வெட்டிரலாம். கொங்கிறீட் வளையம் எல்லாத்துக்குமா, இல்ல நடுவுல உள்ளதுக்கு மட்டுமா?”

“எந்த நடு காக்கா?”

“ஹோலுக்கு நடு.”

கணினி சொன்ன எட்டில் ஒன்றுதான் உண்மையான குழி; மற்ற ஏழும் காக்காவின் சஹன்கள். சேர் பக்கத்து மேசையில் இருந்து, “என்னவாம்?” என்றார். நான் போனை அவரிடம் நீட்டிவிட்டு, பதினாலாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது மாறாமல் அப்படியே இருந்தது.

சேரும் நானும் ஓட்டோவில் ஏறினோம். வழியில் காக்காவையும் ஏற்றினோம். காய்ச்சல்காரர் விஷயத்தைக் கேட்டதும் குணமாகிவிட்டார். காரைதீவுப் பக்கம் போகும் வாகனங்களெல்லாம் எங்களை முந்திக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் போகின்றன என்று எனக்குத் தோன்றியது. அது முழுப் பொய்யும் இல்லை. போய் இறங்கினால் அங்கே ஒரு கூட்டம்.

கடற்கரை மண் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். நாலு அடி வெட்டினால் தண்ணீர். ஹோலுக்குள் நாலு குழி, நாலிலும் தண்ணீர், ஒன்றில் தவளை. வேலி ஓரத்தில் நின்ற ஒருவர் இது வெள்ளம் வடிய ஜப்பான்காரன் கண்டுபிடித்த முறை என்று மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் புதையல் கட்சி.

சுபைதா உம்மா ஒரு குழிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா.

“வாங்க சேர். வாங்க. இதென்ன சேர், மாப்பிள்ள வீட்டாரக் கூப்பிட்டுச் சோறு குடுக்கவா, இல்ல ஏழு பேரையும் ஒரே நேரத்துல கக்கூசுக்கு இருத்தவா?”

சேர் மேசனைப் பார்த்தார். “கலந்தர், ஹோலுக்குள்ள ஏழு குழி எண்டா ஒரு சத்தம் கேக்கப்படாதா?”

“கேட்டிருப்பன் சேர். ஜௌபர் கீறின படமெண்டா நான் ஒரு சுவருக்குப் பத்துக் கோல் எடுப்பன். இது பாருங்க, எவ்வளவு வடிவு. ஒரு கோடு பிசகல்ல. கீழ விளக்கமும் எழுதியிரிக்கி. இவ்வளவு வடிவாக் கீறின ஆள் பிழை விடுவாவா? கேக்க எனக்கு வெக்கமாப் போயிட்டு.”

அந்தப் பாராட்டைப் போல் ஒரு அடியை நான் அதற்குமுன் வாங்கியதில்லை.

சேர் தாளை விரித்தார். வலது கீழ் மூலைக்குப் போனார். “யாரு வரைஞ்ச?” என்றார். பெயர் அவருக்குத் தெரியும். வாசிக்கச் சொல்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். வட்டத்தைப் போட்டவர் காக்கா, நான் கோட்டைத்தான் மாற்றினேன் என்ற வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வசனத்தைச் சொன்னால் அந்தக் கட்டம் யாருடையது? கோழிக்கூட்டுப் படத்துக்கு நாலு கோப்பை வைத்த வாப்பாவின் முகம் வந்தது.

“நான்தான் சேர். என்ட பிழை. சஹன் வட்டத்தக் குழியாக்கிட்டன்.”

“சஹனா!” சுபைதா உம்மா கதிரையை விட்டு எழும்பினா. “யா அல்லாஹ், சோத்தையா குழியாக்கின? நீ யார்ட மகள் புள்ள?”

சொன்னேன்.

“கரைவலக்காரர்ட மகளா? அப்ப நீயும் சஹன்ல தின்டுதானே வளந்த? இரி மண்ணுல.”

“உம்மா?”

“இரிகா. படிச்ச புள்ளைக்குச் சஹன் எவ்வளவு பெரிசெண்டு காட்டித் தாறன்.”

இருந்தேன். குழி வெட்டாத பக்கத்தில், ஈர மண்ணில், அலுவலகத்துக்கென்று வாங்கிய புது அபாயாவோடு. வேலியில் நின்ற ஐந்து பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்னைச் சுற்றி இருத்தினா. நடுவில் மேசனின் சீமெந்து குழைக்கும் தாச்சியைச் சஹனாக வைத்தா. சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு பெண் தாச்சிக்குள் கையை விட்டு, “கறி காணாது, இன்னும் ஊத்துங்க” என்றா. கலந்தர் மேசன் எங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டார். சேர் நாடாவைப் பிடித்தார். ஏழு அடி.

சேர் படத்தைப் பார்த்தார். காக்காவின் வட்டங்கள் ஐந்தடி.

“ஜௌபர்,” என்றார் சேர், “நீங்க இவ்வளவு நாளும் யார இருத்தி அளந்த?”

காக்கா தலையைச் சொறிந்தார். “நானும் பொஞ்சாதியும் நாலு புள்ளையளும் இருந்து அளந்தம் சேர். அப்ப சின்னப் புள்ளையள்.”

அதோடு கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறவர் சஹன்களுக்கு நடுவே நடக்க ஒன்றரை அடி வழியும் வேண்டும் என்று சுபைதா உம்மா கணக்குச் சொன்னா. மேசன் ஹோல் முழுக்கச் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார். ஏழு இல்லை. நாலு சஹன்தான் விழுந்தது. கல்யாணத்தன்று மூன்று சஹன் ஆட்கள் முற்றத்தில் நின்றிருப்பார்கள், அதுவும் மாப்பிள்ளை வீட்டார்.

அத்திவாரம்தானே எழும்பியிருந்தது. ஹோலுக்கும் விறாந்தைக்கும் நடுவில் வரவிருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூரையைத் தாங்க ஒரு வளை போடலாம் என்றார் சேர். மறுபடி சுண்ணாம்பு. ஏழாவது வட்டம் விறாந்தை ஓரத்தில் ஓர் அங்குலம் மிச்சம் விட்டு விழுந்தது. சுபைதா உம்மா அந்த ஓர் அங்குலத்தை எங்களைவிடக் கவனமாகப் பார்த்தா.

“நல்ல காலம் குழி வெட்டின. இல்லாட்டி ஆருக்குத் தெரியும்?” என்றா. பிறகு என்னைப் பார்த்து, “எண்டாலும் அந்தத் தவளைய நீதான் புடிச்சி வெளிய விடணும்” என்றா.

விட்டேன். வேலியில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது சேரிடம் புத்தகத்தைக் கடலில் போடுவதா என்று கேட்டேன். “போடுங்க. ஆனா முதல்ல பதினாலாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு பக்கம் சேருங்க. போடுறதெண்டா முழுசாப் போடணும்” என்றார். சேர்த்தேன். ‘சஹன்: மெல்லிய முழுக்கோட்டு வட்டம், ஏழு அடி. சுற்றி ஆறு புள்ளி. வட்டங்களுக்கு இடையில் ஒன்றரை அடி வழி. தனி லேயர்.’ புள்ளிகளைப் போடச் சொன்னவர் காக்கா. “ஆறு ஆள் இருந்தாத்தான் அது சஹன். இல்லாட்டிக் கிணறு” என்றார். புத்தகம் கடலுக்குப் போகவில்லை. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. அலுவலகச் சட்டமாகிவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னமே போயிருந்தது.

“ஏழு குழியாமே மகள்?” என்றார் வாப்பா.

“நாலுதான் வாப்பா.”

“படத்துல உன்ட பேரு இருந்திச்சா?”

“இருந்திச்சி.”

வாப்பா தலையை ஆட்டிவிட்டு வலைக்குப் போனார். உம்மா மட்டும் அலுமாரியிலிருந்த புத்தகத்தைப் பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு கிழமை வைத்திருந்தா.

அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். விறாந்தை ஓரத்து ஏழாவது சஹனில் இருந்தேன், ஓர் அங்குலம் மிச்சம் விட்ட அதே இடத்தில். என்னைக் ‘குழி இஞ்சினியர்’ என்று யாரோ அறிமுகப்படுத்தினார்கள். எதிரே இருந்தவ இறைச்சியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டா. சஹனில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது.

இப்போது அந்த மேல்மாடியில் கைத்தொலைபேசிக் கடை. ஜௌபர் காக்கா கட்டாரில் படம் கீறுகிறார், அங்கேயும் கார் வைக்கிறார், அங்கே காரும் இருக்கிறது. தவம் அண்ணன் ஓய்வு எடுத்துவிட்டு நவிதன்வெளிப் பக்கம் காணி வாங்கித் தென்னை வைத்திருக்கிறார். நிஜத் தென்னை. புத்தகத்தை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். வேறு வேறு அலுவலகங்களில் அது பலதரம் மாறி, எழுபது பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் வீடு கட்ட வருகிறவர்கள் இப்போது சஹனைக் கேட்பதில்லை. டிவிச் சுவர் எந்தப் பக்கம், குளிரூட்டி எங்கே, எத்தனை கதிரை மேசை போடலாம் என்று கேட்கிறார்கள். கல்யாணச் சோறு மண்டபத்தில், வரிசையில் நின்று ஆளுக்கொரு சோற்றுக் கோப்பை. போன மாதம் சுபைதா உம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த ஹோலில் ஒரு பெரிய சோபா, பலகை வைத்து மறித்த ஓர் அறை, எட்டுக் கதிரையோடு ஒரு மேசை. கதிரையில் இருத்தித் தனிக் கோப்பையில் சோறு தந்தா. இறைச்சியை என் பக்கம் தள்ள யாருக்கும் வழியில்லை. என் காலுக்குக் கீழே எங்கேயோ தவளைக் குழி இருந்தது. எந்த மாபிள் கல்லுக்குக் கீழே என்று இரண்டு பேரும் தேடிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

கொழும்பு இஞ்சினியருக்கு நேற்றுத்தான் பதில் அனுப்பினேன்.

“அழிக்காதீங்க சேர். அது சும்மா கிடக்கல்ல. ஆறு பேர் வந்து இருக்கணும், அதுக்குத்தான் பாத்துக்கிட்டிரிக்கி.”

அவர் ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். விளங்கியிருக்காது. ஆனால் அழிக்கவில்லை.